கேட்டது பெட்ரோல், கிடைத்தது வேறு: மியூல்ஹைம் நிலக்கரி ஆய்வகத்தின் கதை

2021ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பெஞ்சமின் லிஸ்ட், ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரில் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனம். அவருக்குப் பரிசு கிடைத்ததோ, புரோலின் மாதிரியான சின்னஞ்சிறு கரிமச் சேர்மங்களை வினையூக்கியாக வேலை வாங்கியதற்கு. நிலக்கரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த நிறுவனத்தில் நிலக்கரி ஆய்வு நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. எண்ணெய்க் கடையே இல்லாத எண்ணெய்க்காரத் தெரு நம் ஊர்களில் இருக்கிறதல்லவா, அதுபோலப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஆனால் அந்த இடம் தொடங்கப்பட்டதே கரிக்காகத்தான். பணம் போட்டவர்களில் முக்கியமானவர்கள் சுரங்க முதலாளிகள். கரியைப் பற்றிய அடிப்படை அறிவியலைச் செய்யுங்கள், அதிலிருந்து எங்களுக்கு ஏதாவது வழி பிறக்கட்டும் என்றார்கள். வழி பிறக்கவும் செய்தது, ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையில் அல்ல. அடிப்படை ஆய்வில் காசு போட்டால் ஒருநாள் பலன் கிடைக்கும் என்று மேடையில் பேசுபவர்களுக்கு மியூல்ஹைம் கைக்கு வாகான உதாரணம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் கதை அவ்வளவு நேராக இல்லை.

தொடக்கம்

ஜெர்மனியின் மேற்கே ரூர் ஆற்றை ஒட்டிய பகுதி அது. மண்ணுக்குக் கீழே கரி, மேலே கற்கரி (கோக்) உலைகளும் இரும்பாலைகளும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பணத்துக்குக் குறைவில்லை, உறுத்தலுக்கும் குறைவில்லை. கரியிலிருந்து கிடைத்த தாரைச் சாயமாகவும் மருந்தாகவும் மாற்றிப் பெருலாபம் பார்த்தவை ரைன் நதிக்கரையின் ரசாயனக் கம்பெனிகள். கரியைத் தோண்டியவர்களுக்கு வந்தது எடைக்கு எடை போட்ட விலை மட்டும்தான்.

இன்றைய மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் முன்னோடியான கைசர் வில்ஹெல்ம் கழகம் 1911இல் உருவானது. பாடம் நடத்தும் சுமை இல்லாமல் ஒரு விஞ்ஞானியை உட்கார வைத்து, அவரைச் சுற்றி ஒரு நிறுவனத்தையே கட்டித் தருவது அதன் வழக்கம். சர்க்கரைகளின் அமைப்பைக் கண்டறிந்து 1902இல் நோபல் பரிசு வாங்கிய எமில் ஃபிஷர், ரூர் முதலாளிகள் முன்னால் 1912இல் ஓர் உரை நிகழ்த்தினார். கரியைக் கொதிகலனுக்குக் கீழே போட்டுக் கொளுத்துவதோடு நிற்க வேண்டாம் என்பது அதன் சாரம். தோண்டி எடுக்காமல் நிலத்தடியிலேயே கரியை வாயுவாக்கலாமா, கொதிகலனும் நீராவி இயந்திரமும் இல்லாமல் கரியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கலாமா, கரியைத் திரவ எரிபொருளாக்கலாமா என்று அவர் அடுக்கிய கேள்விகளில் முதல் இரண்டையும் நூறு ஆண்டு கழித்தும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தக் கழகத்தின் நிலக்கரி ஆய்வகத்துக்கு மியூல்ஹைம் நகராட்சி நிலமும் கட்டடமும் கொடுத்தது. நடத்தும் செலவைத் தொழில்துறை ஏற்றது. காலன்பெர்க் என்ற குன்றின்மேல் கட்டடம் எழும்பியது. இயக்குநராக வந்தவர் ஃபிரான்ஸ் ஃபிஷர். எமில் ஃபிஷருக்கும் இவருக்கும் பெயரில்தான் ஒற்றுமை, சொந்தம் இல்லை. பெர்லினிலிருந்து வந்த மின்வேதியியல் பேராசிரியர். திறப்பு விழா 1914 ஜூலை 27. மறுநாள் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாமீது போர் அறிவித்தது.

ஆக, நிதானமாக உட்கார்ந்து செய்யவேண்டிய ஆய்வுக்கென்று கட்டிய இடம், முதல் நாலு வருஷமும் போருக்கு எண்ணெய் தேடியே கழிந்தது. காற்றுப் படாமல் கரியைச் சூடாக்கினால் தாரும் வாயுவும் பிரிந்து வரும். கற்கரி உலையில் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கும். அதைக் குறைத்து 500, 600 டிகிரியில் நிறுத்தினால் தார் கூடுதலாகக் கிடைக்கும், தரமும் வேறாக இருக்கும். ஃபிஷர் இதைத்தான் விடாமல் ஆராய்ந்தார். நம் பக்கத்தில் இதே வேலை நெய்வேலியில் நடந்தது. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்தி, குறைந்த வெப்பத்தில் கரியாக்கி, 'லெக்கோ' என்ற பெயரில் அடுப்புக்கு விற்றார்கள். வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் கணக்கு உதைத்தது. நூறு கிலோ கரியைச் சூடாக்கினால் பத்துக் கிலோ அளவுக்குத்தான் தார் தேறும். மிச்சத்தில் பெரும்பகுதி மறுபடியும் கரி. கார் ஓட்டுவதற்குப் பத்தில் ஒரு பங்கு, மிச்சத்தில் பெரும்பங்கு குவிப்பதற்கு.

கரிக்கும் பெட்ரோலுக்கும் நடுவில்

சிக்கல் ஹைட்ரஜனில் இருக்கிறது. பெட்ரோலில் ஒரு கார்பன் அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். கரியில் ஒன்றுகூட முழுசாகத் தேறாது. எங்கிருந்தாவது ஹைட்ரஜனைக் கொண்டுவந்து கரிக்குள் திணித்தாக வேண்டும்.

ஃபிரீட்ரிஷ் பெர்கியஸ் 1913இல் காப்புரிமை பெற்ற வழி நேரடியானது. கரியைப் பொடித்து எண்ணெயில் குழைத்து, சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில், 450 டிகிரிக்குப் பக்கத்தில், ஹைட்ரஜனோடு வினைபுரிய விடுவது. பழைய வீட்டைத் தரைமட்டமாக்காமல் சுவரை மட்டும் பெயர்த்து மாற்றிக் கட்டுவது போன்ற வேலை. எந்த வீடு என்பதைப் பொறுத்து வேலை மாறும். கரிக்குக் கரி குணம் வேறு, சாம்பல் வேறு, கந்தகம் வேறு.

ஃபிஷர் எடுத்த வழி, வீட்டையே இடித்துச் செங்கல் செங்கலாக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவது. தணலாய்க் கனன்றுகொண்டிருக்கும் கற்கரிமேல் நீராவியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். பாடப்புத்தகத்தில் 'நீர்வாயு' என்று படித்திருப்போம். வாயுவாகிவிட்ட பிறகு அது எந்தச் சுரங்கத்துக் கரி என்பது முக்கியமில்லை. சாம்பல் உலையிலேயே தங்கிவிடும், கந்தகத்தைக் கழுவி எடுத்துவிடலாம். இந்த இரண்டு வாயுக்களிலிருந்து பெட்ரோலைக் கட்டி எழுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி.

ஃபிஷர் இதில் முதல் ஆள் இல்லை. 1902இல் பிரான்சில் சபாத்தியேவும் சாந்தரானும் நிக்கல்மேல் இந்த வாயுக்களைச் செலுத்தி மீத்தேன் எடுத்திருந்தார்கள். 1913இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் (BASF) ரசாயனக் கம்பெனி, உயர் அழுத்தத்தில் இவற்றைத் திரவமாக்கும் வழிக்குக் காப்புரிமை கேட்டிருந்தது. அதே கம்பெனி அம்மோனியா தயாரிப்பில் உயர் அழுத்தத்தால் உலகையே வாய்பிளக்க வைத்திருந்த காலம் அது. அழுத்தத்தை ஏற்று, இன்னும் ஏற்று என்பதுதான் அன்றைய ஜெர்மன் ரசாயனத் தொழிலின் தாரக மந்திரம்.

ஃபிஷரும் 1920இல் அவரோடு சேர்ந்த ஹான்ஸ் டிராப்ஷும் அந்த வழியில்தான் போனார்கள். காரம் ஏற்றிய இரும்பு, 400 டிகிரி, 100 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம். கிடைத்தது ஆல்கஹால், ஆல்டிஹைடு, கீட்டோன், அமிலம் எல்லாம் கலந்த ஒரு திரவம். 'சின்தால்' என்று பெயர் வைத்தார்கள். எரியும், ஆனால் பெட்ரோல் இல்லை. மூலக்கூறுக்குள் ஆக்சிஜன் உட்கார்ந்திருந்தது.

இந்தக் கதையின் திருப்பம் இங்கேதான், அதுவும் சத்தமில்லாத ஒரு திருப்பம். அழுத்தத்தை மாற்றி மாற்றி ஓட்டிய சோதனைகளின் எண்களைப் பார்த்தபோது, அழுத்தம் இறங்க இறங்க ஆக்சிஜன் ஏறிய சேர்மங்கள் குறைந்து ஹைட்ரோகார்பன்கள் கூடுவது தெரிந்தது. 7 வளிமண்டலத்துக்கு இறக்கியபோது வந்ததில் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன். ஆனால் வேகம் படுத்துவிட்டது. தொழில் நடத்துகிறவருக்கு இது தோல்வி, விளைச்சல் குறைந்தால் அழுத்தத்தை ஏற்றுவார். இவர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். அழுத்தம் வேண்டாம் என்றால், அது செய்த வேலையை வேறு எது செய்யும்? இன்னும் சுறுசுறுப்பான வினையூக்கி. இரும்போடு துத்தநாக ஆக்சைடு, கோபால்ட்டோடு குரோமியம் ஆக்சைடு என்று சேர்த்துப் பார்த்தார்கள். 1925இல் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே, 250 முதல் 300 டிகிரிக்குள், மீத்தேனைவிடப் பெரிய ஹைட்ரோகார்பன்கள் வந்தன. அந்த ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1926இல் கட்டுரை வெளிவந்தது.

கருவியில் பிரமாதம் ஒன்றும் இல்லை. மின்சாரத்தால் சூடேறும் ஒரு குழாய், உள்ளே வினையூக்கிப் பொடி, ஒரு முனையில் வாயு நுழையும், மறுமுனையில் குளிர வைத்துச் சேகரிப்பார்கள். சேகரத்தில் இரண்டு அடுக்கு நிற்கும். மேலே எண்ணெய், கீழே தண்ணீர். கார்பன் மோனாக்சைடில் இருக்கும் ஆக்சிஜன் எங்காவது போயாக வேண்டுமே, அது ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராக வெளியேறுகிறது. கணக்குப் போட்டால் 14 கிராம் எண்ணெய்க்கு 18 கிராம் தண்ணீர். பெட்ரோல் ஆலை என்று பெயர், எடைபோட்டுப் பார்த்தால் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம். போதாததற்கு, கனமான மெழுகு ஒன்று வினையூக்கியின் நுண்துளைகளுக்குள்ளேயே படிந்து வழியை அடைக்கும். அவ்வப்போது கரைத்துக் கழுவி எடுக்க வேண்டும். அன்றைக்குத் தொல்லையாகத் தெரிந்த இந்த மெழுகைத்தான் இன்றைய ஆலைகளில் பல வேண்டுமென்றே உண்டாக்கி, அப்புறம் உடைத்து டீசலாக்குகின்றன.

இது அடிப்படை ஆய்வா? ஃபிஷர் பூச்சி பிடிக்கப் போய்ப் புதையல் கண்டவர் அல்லர். பெட்ரோலைத் தேடிப் போனார், பெட்ரோலைக் கண்டார். காலன்பெர்க் குன்று அவருக்குக் கொடுத்தது வேறு. மூன்று ஆண்டுகள் தப்பான திரவத்தை உற்பத்தி செய்துகொண்டிருந்தாலும் ஏன் என்று கேட்டு வந்து நிற்க யாரும் இல்லை. விளைச்சல் குறையும் திசையில் நடந்து பார்க்க அனுமதி இருந்தது. பெரிய கம்பெனி ஆய்வகம் எதிலும் அந்த எண்களை அழுத்தம் ஏறும் திசையில்தான் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பதினொரு ஆண்டு இடைவெளி

1925இல் கண்டுபிடிப்பு, 1936இல் முதல் பெரிய ஆலைகள். நடுவில் என்ன நடந்தது?

முதல் தொல்லை கந்தகம். கொஞ்சம் இருந்தாலும் கோபால்ட் செத்துவிடும். நூறு கன மீட்டர் வாயுவில் 0.2 கிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்ற அளவுக்கு இறக்க வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் சல்பைடை நீக்குவது பழகிய வேலை. கரிமச் சேர்மமாக ஒளிந்திருக்கும் கந்தகம்தான் கைக்கு அகப்படாது. இதில் மெனக்கெட்டவர் ஒட்டோ ரூலன். இவர் பிற்பாடு ரூர்ஷெமி கம்பெனிக்குப் போய், இதே வினையை நோண்டிக்கொண்டிருந்தபோது, 1938இல் 'ஆக்சோ' முறையைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் பிளாஸ்டிக்கை இளக்கும் பொருட்களுக்கும் டிடர்ஜென்ட்டுக்கும் வேண்டிய ஆல்கஹால்கள் அந்த வழியில்தான் பெருமளவில் தயாராகின்றன. அது தனிக் கதை.

இரண்டாவது, வெப்பம். இந்த வினை சூட்டைக் கக்கும். ஒரு கிலோ எண்ணெய் உருவாகும்போது வெளிவரும் வெப்பம், கொதித்துக்கொண்டிருக்கும் ஐந்து கிலோ தண்ணீரை முழுசாக ஆவியாக்கப் போதும். ஆய்வகக் குழாயில் இது தெரியாது. டன் கணக்கில் வினையூக்கியைப் போட்டால், உள்ளே ஓரிடத்தில் சில டிகிரி ஏறியதுமே பெட்ரோலுக்குப் பதில் மீத்தேன் வரும். வினையூக்கியும் வீணாகும்.

இதற்கு அவர்கள் கட்டிய உலையைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே நூற்றுக்கணக்கான இரும்புத் தகடுகள் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று 7 மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியில். தகடுகளைத் துளைத்துக்கொண்டு குறுக்கே நூற்றுக்கணக்கான தண்ணீர்க் குழாய்கள். அந்தச் சந்துகளுக்குள் வினையூக்கியை அள்ளிப் போட வேண்டும். குழாய்த் தண்ணீர் கொதித்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பிரஷர் குக்கரில் வெயிட்டுக்குத் தக்கபடி கொதிநிலை மாறுமே, அதேபோல நீராவி அழுத்தத்தைத் திருகி உலையின் வெப்பநிலையை 180, 200 டிகிரி என்று ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். அருமையான யோசனைதான். ஆனால் அவ்வளவு இரும்பையும் விழுங்கிய ஒரு பெட்டி நாளொன்றுக்குத் தந்தது ஏறக்குறைய இரண்டு டன் எண்ணெய். ஆலை என்று சொல்ல வேண்டுமானால் டஜன் டஜனாகப் பெட்டிகளை வரிசை கட்ட வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை வினையூக்கியைச் சுரண்டி வெளியே எடுத்து, அதிலிருக்கும் கோபால்ட்டையும் தோரியத்தையும் மீட்க வேண்டும்.

மூன்றாவது, பணம். ஒரு கன மீட்டர் வாயு முழுவதும், ஓர் அணுகூட வீணாகாமல், எண்ணெயாக மாறினாலும் 208 கிராம்தான் கிடைக்கும். இது அணு எடைகள் சொல்லும் உச்சவரம்பு, எந்தக் கெட்டிக்காரராலும் தாண்ட முடியாது. நடைமுறையில் அதைவிட வெகுவாகக் குறைவு. ஒரு டன் எண்ணெய்க்குக் கரி நாலு டன்னுக்கு மேல் போகும். இந்த நேரம் பார்த்து 1930இல் கிழக்கு டெக்சாசில் பெரிய எண்ணெய் வயல் திறந்தது, கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது.

இந்த நிலையில் எந்த வணிகனும் ஆலை கட்டியிருக்க மாட்டான். கட்ட வைத்தது அரசியல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இன் டிசம்பரில், ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெரிய ரசாயனக் கம்பெனி தயாரிக்கும் செயற்கைப் பெட்ரோலுக்கு அரசு விலையும் லாபமும் உத்தரவாதம் செய்தது. பெர்கியஸ் வழி ஐ.ஜி. ஃபார்பன் கையில் இருந்தது. ரூர் முதலாளிகளுக்குத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது, விற்காத கற்கரி மலையாகக் குவிந்தும் கிடந்தது. 1934இல் ஓபர்ஹவுசன்-ஹோல்டனில் இருந்த ரூர்ஷெமி கம்பெனி ஃபிஷர்-டிராப்ஷ் உரிமையை வாங்கியது.

டிராப்ஷ் இதைப் பார்க்கவில்லை. 1928இலேயே மியூல்ஹைமை விட்டு பிராகுக்குப் போய், அங்கிருந்து சிகாகோவுக்குப் போய், உடல்நலம் கெட்டு ஜெர்மனி திரும்பி, 1935 அக்டோபரில் எஸ்சன் நகரில் இறந்தார். மறு ஆண்டு ஆலைகள் ஓடத் தொடங்கின.

போர்

ஜெர்மனியில் ஒன்பது ஃபிஷர்-டிராப்ஷ் ஆலைகள் எழுந்தன. உச்சத்தில் ஆண்டுக்கு 6 லட்சம் டன் அளவுக்கு உற்பத்தி. பெர்கியஸ் வழி ஆலைகள் இதைப்போலப் பல மடங்கு தந்தன. காரணம் மூலக்கூறின் வடிவத்தில் இருந்தது. கோபால்ட் கட்டித் தரும் சங்கிலிகள் நீண்டு நேராக இருக்கும். டீசலுக்கு அது நல்லது. பெட்ரோல் இயந்திரத்தில் அதே சங்கிலிகள் முன்கூட்டியே வெடித்து உதறும், உதறாமல் எரியும் தன்மையைச் சொல்லும் ஆக்டேன் எண் ஐம்பதைத் தொடவே திணறும். விமானப் படைக்கு இது உதவாது.

மெழுகு மட்டும் எதிர்பாராத இடத்துக்குப் போனது. அதை ஆக்சிஜனேற்றினால் கொழுப்பு அமிலம் கிடைக்கும், கொழுப்பு அமிலத்திலிருந்து சோப்பு வரும், மார்ஜரினும் வரும். விட்டன் நகரில் ஆலை வைத்து இரண்டையும் தயாரித்தார்கள். கரியிலிருந்து வந்த வெண்ணெயை ரொட்டியில் தடவிச் சாப்பிட்ட நாடு அது.

இதை வேடிக்கையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஃபிஷர்-டிராப்ஷ் ஆலைகளில் ஒன்றான ஷ்வார்ட்ஸ்ஹைடேவில் 1944 ஜூலையில் ஓர் வதைமுகாம் கிளை திறக்கப்பட்டது. ஆஷ்விட்சிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் யூதக் கைதிகளை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். குண்டுவீச்சில் இடிந்த ஆலையைச் சீர்செய்வது, வெடிக்காத குண்டுகளுக்கு நடுவே குழி தோண்டுவது, இவைதான் வேலை. அவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு திரும்பவில்லை. 1944 மே 12இல் தொடங்கி அமெரிக்க விமானங்கள் செயற்கை எரிபொருள் ஆலைகளைத் தேடித் தேடித் தாக்கின. சில மாதங்களில் ஜெர்மன் விமானப் படை தரையில் உட்கார்ந்துவிட்டது.

போருக்குப் பிறகு மத்தியக் கிழக்கின் எண்ணெய் வெள்ளமாக வந்தது. 1960களின் தொடக்கத்தோடு ஜெர்மனியில் இந்த ஆலைகளின் கதை முடிந்தது. கைமாறிப் போன இடம் தென்னாப்பிரிக்கா. 1950இல் தொடங்கிய சாசோல் நிறுவனம், 1955இல் சாசோல்பர்கில் உற்பத்தி தொடங்கியது. நிறவெறி அரசுக்கு எண்ணெய் விற்க மாட்டோம் என்று உலகம் கதவடைத்தபோது, செகுண்டாவில் இன்னும் பெரிய ஆலைகளை எழுப்பியது. 1980 ஜூனில் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் ஆயுதப் பிரிவு சாசோல் ஆலைகளின் தொட்டிகளுக்குக் குண்டு வைத்தது. அந்தக் கரும்புகையைக் கறுப்பின மக்கள் வெற்றிக்கொடியாகப் பார்த்தார்கள். சீனா 2016இல் நிங்ஷியாவில் ஆண்டுக்கு 40 லட்சம் டன் தரும் ஆலையைத் திறந்தது. இயற்கை வாயுவை வைத்து இதே வினையை நடத்தும் ஆலைகள் மலேசியாவிலும் கத்தாரிலும் வணிகக் கணக்கிலேயே ஓடுகின்றன. ஆனால் கரியை வைத்து ஓடிய பெரிய ஆலைக்குப் பின்னால் எப்போதும் ஓர் அரசின் கை இருந்திருக்கிறது. பெரும்பாலும் முற்றுகைக்கு அஞ்சிய அரசு.

வேதியியலே அதற்குக் காரணம். கரியில் இல்லாத ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறார்கள். எடுக்கும்போது மிஞ்சும் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு கார்பனில் பாதிக்கு மேல் கார்பன் டையாக்சைடாக ஆலையிலேயே வெளியேறிவிடும். வண்டியில் ஊற்றி எரிப்பதற்கு முன்னாலேயே இவ்வளவு. செகுண்டா ஒன்றே ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் உமிழ்கிறது. அழுத்தத்தை இறக்கியதுபோல இதையும் இறக்க வினையூக்கியால் ஆகாது. அணுக்கணக்கோடு பேரம் பேச முடியாது.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. வினை எப்படி நடக்கிறது என்பதற்கு ஃபிஷரும் டிராப்ஷும் 1926இலேயே ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கார்பன் மோனாக்சைடு உலோகப் பரப்பில் உடைந்து கார்பைடாகி, அது ஹைட்ரஜனேற்றம் பெற்றுத் துண்டு துண்டாகக் கோத்துக்கொள்கிறது என்றார்கள். 1940களில் கதிரியக்கக் கார்பனைக் கலந்து செய்த சோதனைகள் அதை ஓரங்கட்டின. 1980 வாக்கில் வேறு சோதனைகள் அதைத் திருப்பி அழைத்துவந்தன. விவாதம் இன்னும் ஓயவில்லை. லட்சக்கணக்கான டன் எண்ணெய் தயாரித்த வினை எப்படி நடக்கிறது என்பது தீராமலே தயாரித்திருக்கிறார்கள்.

சீக்லர் வைத்த நிபந்தனை

1943இல் ஃபிஷர் ஓய்வு பெற்றபோது, ஹாலே பல்கலைக்கழகத்திலிருந்து கார்ல் சீக்லரை அழைத்தார்கள். அவருக்குக் கரியில் ஆர்வமே இல்லை. உலோகமும் கார்பனும் நேராகப் பிணைந்த சேர்மங்கள்தான் அவர் உலகம். கார்பன் சேர்மங்கள் எதில் வேண்டுமானாலும் ஆய்வேன், கரியோடு தொடர்பு உண்டா என்று யாரும் கேட்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். போரின் நடுவில், கரி முதலாளிகளின் ஆய்வகத்தில், அதற்குச் சம்மதம் கிடைத்தது. இந்தக் கதையில் எனக்கு நம்பவே கடினமாக இருக்கும் இடம் இதுதான்.

கரி முழுக்க விலகிவிடவில்லை என்பதும் உண்மை. ரூர் கற்கரி உலைகளின் வாயுவில் எத்திலீன் இருந்தது, பக்கத்திலேயே கிடைத்தது. சீக்லர் அதை அலுமினியச் சேர்மங்களோடு வினைபுரிய விட்டு நீண்ட சங்கிலிகளாக வளர்த்துக்கொண்டிருந்தார். 1953இல் ஒரு சோதனையில் சங்கிலி வளரவே இல்லை. இரண்டு எத்திலீன் சேர்ந்து பியூட்டீனாகியதோடு நின்றுவிட்டது. ஏன் என்று தோண்டினார்கள். உயர் அழுத்தம் தாங்கும் எஃகுக் கலனான ஆட்டோகிளேவின் சுவரிலிருந்து வந்த நிக்கல் சுவடு அது. ஒரு சிட்டிகை நிக்கல் இவ்வளவு செய்யும் என்றால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். சிர்கோனியத்தைப் போட்டபோது கலன் நிறைய வெள்ளையாகப் பாலிஎத்திலீன். டைட்டானியம் டெட்ராகுளோரைடைப் போட்டபோது ஆட்டோகிளேவே தேவைப்படவில்லை. ஜெர்மன் வீடுகளில் பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடியிலேயே, சாதாரண அழுத்தத்தில், வாயு உள்ளே போகப் போக வெள்ளைத் தூள் திரண்டது. அதுவரை பாலிஎத்திலீன் எடுக்க ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் வேண்டும்.

அதே குன்று, 28 ஆண்டு கழித்து, மறுபடியும் அழுத்தத்தை ஒன்றுக்கு இறக்கியது. ஃபிஷரிடமிருந்து சீக்லருக்குக் கைமாறிய ரகசியம் என்று நான் சொல்லமாட்டேன். வேதியியலே வேறு வேறு. ஆனால் இரண்டு தடவையும் கதவைத் திறந்தது, கெட்டுப்போன சோதனையைக் குப்பையில் கொட்டாமல் உட்கார்ந்து படித்த பழக்கம்.

தெருக்குழாயடியில் வரிசை கட்டும் பிளாஸ்டிக் குடங்கள் இந்த வினையூக்கிக் குடும்பத்தின் பிள்ளைகள்தான். சீக்லருக்கும் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963இல் நோபல் கிடைத்தது. காப்புரிமைகளின் உரிமத் தொகை பல பத்தாண்டுகள் நிறுவனத்தைச் சொந்தக் காலில் நிற்க வைத்தது. கரியிலிருந்து பெட்ரோல் எடுத்த வினை அப்படிச் செய்ததில்லை. அந்த வசதியில்தான் கூர்ட் சோசல் போன்றவர்கள் 1960களில் மிகை அழுத்தக் கார்பன் டையாக்சைடைக் கரைப்பானாக வைத்து விளையாடிப் பார்த்து, காபிக் கொட்டையிலிருந்து கஃபீனை மட்டும் உருவி எடுக்கும் வழியைக் கண்டார்கள். கஃபீன் நீக்கிய காபியின் கணிசமான பங்கு இப்போதும் அந்த வழியில்தான் வருகிறது.

மியூல்ஹைமுக்குப் பக்கத்து ஊர்களில் ஒன்றான பாட்ராப்பில், ஜெர்மனியின் கடைசி கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெட்டி எடுத்த கரிக்கட்டியைத் தொழிலாளர்கள் நாட்டின் அதிபர் கையில் கொடுத்தார்கள். காலன்பெர்க் குன்றில் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது.